சதுப்புத் திடலில நான் எறியாத கொடி

விசில் ஊதுற தொழில்ல ஒரு நன்மை இருக்கு. நல்ல பேர் எடுக்கவேணும் எண்ட கவலை முதல் நாளே விட்டுப்போகும். நீங்களும் எங்கையாவது ரண்டு பக்கத்தாரிட்டையும் பேச்சு வாங்கிப் பிழைச்ச ஆளெண்டால் வாங்கோ, பக்கத்தில இருங்கோ. நாங்கள் ஒரு சாதி.

நான் ஊதினது அமெரிக்கன் ஃபுட்போலுக்கு. டென்மார்க்கில இக்காஸ்ட் எண்ட ஊரில ஒரு துணி ஆலையில சாயம் போடுற பகுதியில எனக்கு வேலை. என்ர ஃபோர்மன் யோர்கன்தான் அந்த விளையாட்டுக்குத் தலைமை நடுவர். ஊர் சின்னன், ஆரை நடுவராப் போட்டாலும் ஏதோ ஒரு டீமில அவனுக்கு மச்சான் முறையில ஒருத்தன் இருப்பான். எனக்கு டென்மார்க் முழுக்கத் தேடினாலும் ஒரு மச்சானும் இல்லை. அந்த ஒரு தகுதியிலதான் யோர்கன் என்னைச் சேர்த்தவர்.

வேற ஒரு காரணமும் இருந்தது. என்ர மனுசி வசந்தமலர் யாழ்ப்பாணத்தில. அவவைக் கூப்பிட, இங்கத்தைய முறைப்படி பொலிசில பேப்பர் குடுத்து ஒண்டரை வருசமாப் பதில் இல்லை. எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் பதில் இல்லை. கேட்டால், பாத்துக்கொண்டிருக்கினமாம். அங்க சண்டையில செல்குண்டு விழுது, இங்க பாத்துக்கொண்டிருக்கினம்! ஞாயிற்றுக்கிழமையில அறைக்குள்ள தனிய இருந்தால் விசர் பிடிக்கும் எண்டுதான் நான் திடலுக்குப் போகத் தொடங்கினது.

எண்ணிக்கை

ஒவ்வொரு தரமும் பந்து கிளம்ப முன்னம், பந்து வச்சிருக்கிற பக்கத்தை நான் எண்ணவேணும். பதினொண்டு எண்டால் கையைப் பொத்தி நீட்டிக் காட்டவேணும். கூடினால், பிழையெண்டு காட்ட இடுப்பில செருகியிருக்கிற மஞ்சள் கொடியை எறியவேணும். சின்னப்பிள்ளையும் செய்யும் வேலை.

எங்கட திடல் ஊருக்கு வெளியில, ஒரு சதுப்பு நிலத்தின்ர கரையில. ஒக்டோபரில பின்னேரம் ரண்டு மணிக்கே பனிப்புகார் ஏறிவரும். அது என்ர மூண்டாவது மட்ச். எண்ணினன், பன்னிரண்டு. கொடியை எறிஞ்சன். யோர்கன் ஓடிவந்து எண்ணினார், பதினொண்டு. மன்னிப்புக் கேட்டன். கொஞ்சத்தால திரும்பவும் பன்னிரண்டு, திரும்பவும் எறிஞ்சன், திரும்பவும் பதினொண்டு. சனம் சிரிக்கத் தொடங்கிட்டுது. மூண்டாந்தரம் நான் எறியேல்லை, ஆளைத் தேடினன். இடது கரையில கட்டையா ஒருத்தர், ஹெல்மட்டும் இல்லை, நம்பரும் இல்லை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சதுப்பைப் பாத்தபடி நிண்டார். பந்து கிளம்பி எல்லாரும் ஓடிச்சினம். அவர் மட்டும் ஓடேல்லை. புகார் ஒருக்கா விலகிச்சுது, அந்த இடத்தில வெறும் புல்லு.

இண்டையோட நடுவர் வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டு உடுப்பு மாத்திற அறைக்குப் போனன். யோர்கன் சப்பாத்துக் கழட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்: "எனக்கும் இங்க பன்னிரண்டுதான் வரும். ஒண்டைக் கழிச்சுப்போட்டுத்தான் நான் கையைக் காட்டுறது."

குவியலுக்குள்ள

பந்து கைதவறி விழுந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் அதுக்கு மேல விழுவினம். அடியில ஆற்ற கையில பந்து இருக்கெண்டு நான் கையை விட்டுத் தடவிப் பாக்கவேணும். மாட்டுக்குப் பிரசவம் பாக்கிற மாதிரி ஒரு வேலை. அண்டைக்குக் கையை விட்டன், ஒரு கை என்ர மணிக்கட்டைப் பிடிச்சுது. விளையாடுறவை எல்லாரும் விரலுக்கு டேப் சுத்தியிருப்பினம். இது வெறும் கை, மெல்லிசு, ஐஸ் மாதிரிக் குளிர். மேல கிடந்தவை ஒவ்வொருத்தரா எழும்பிச்சினம். பிடி விடேல்லை. கடைசி ஆளும் எழும்பினான். கீழ சேறும் பந்தும்தான் கிடந்தது. அப்பவும் பிடி இருந்தது. நான் இழுத்த இழுப்பில மல்லாக்க விழுந்தன்.

மணிக்கட்டில நாலு விரல் அடையாளம் ஒரு கிழமை நிண்டது. திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுற கிழவர் அதைப் பாத்திட்டு, என்ன ஏதெண்டு ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கோடு போடுறதை நிப்பாட்டாமலே சொன்னார்: "அடுத்தமுறை இழுக்காதேங்கோ, இழுத்தால் விடாது. பேசாமல் இருந்தால் தானா விடும்."

ஐம்பத்தேழு

கோபன்ஹேகனிலயிருந்து ஒரு டீம் வந்தது. அதில ஐம்பத்தேழாம் நம்பர் போட்ட தடியன் ஒருத்தன். விழுந்தவனை நான் தூக்கிவிடக் குனிஞ்ச நேரம், ஹெல்மட் கம்பிக்குள்ளயிருந்து மெல்லக் கேட்டான், நீங்கள்தானே வசந்தமலரின்ர புருசன் எண்டு. என்ர பேரைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, நோட்டீசில அடிச்சிருக்கு. அவவின்ர பேர் எப்பிடி? அந்தத் திடல்ல நடந்த மற்றதெல்லாத்தையும் விட அந்தக் குரலுக்குத்தான் எனக்கு உடம்பு சில்லிட்டது.

இடைவேளையில தேடிப்போனன். ஹெல்மட்டைக் கழட்டினால், வெளிறின முகத்தோட ஒரு இளந்தாரி. எங்கட பேப்பர் எல்லாம் போய்ச் சேருற அலுவலகத்தில அவனுக்கு வேலையாம். வசந்தியின்ர வயசு, அவ படிப்பிச்ச பள்ளிக்கூடம், நாங்கள் தாலி கட்டின கோயில், எல்லாம் மனப்பாடமாச் சொன்னான். பிறகு ரண்டு பக்கமும் பாத்திட்டுச் சொன்னான்: "உங்கட மனுசியின்ர படம் என்ர அலுமாரியில இருக்கு. உங்கட ஆக்கள் எல்லாற்ற பேப்பரையும் அங்கதான் வைக்கச் சொல்லி மேலிடம் சொன்னது. திறக்கச் சொல்லேல்லை."

முழுங்கின கொடி

எங்கட ஆக்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு, மறைப்பானேன். அரசாங்கக் கச்சேரியில அலுவலெண்டால் முதல்ல ஆளைப் பிடிக்கிறது. அவனுக்கு வாய் திறந்து ஒண்டும் சொல்லப்படாது. நாங்கள் ஒரு உதவி செய்தால் அவன் விளங்கிக்கொள்ளுவான். இடைவேளைக்குப் பிறகு என்ர மூளைக்குள்ள இது ஒண்டுதான் ஓடினது. கடவுள் ஆளைக் கொண்டுவந்து கண்ணுக்கு முன்னால விட்டிருக்கிறார்!

கடைசி நேரம். ஐம்பத்தேழு எதிராளியின்ர சட்டையை ரண்டு கையாலயும் பிடிச்சு இழுத்து விழுத்தினான். எனக்கு நாலு அடி முன்னால. அந்த இடைவெளிக்குள்ளால அவங்கட ஆள் பந்தோட ஓடிப்போய் வெண்டான். என்ர கை கொடி வரைக்கும் போச்சுது, அங்கயே நிண்டிட்டுது. பிழையைக் கண்ணால கண்டும் நான் முழுங்கின ஒரே கொடி அதுதான். வெக்கமாத்தான் இருந்தது, ஆனால் சந்தோசமும் இருந்தது, ஏனெண்டால் வசந்தி அரைவாசித் தூரம் வந்திட்டா எண்டு நினைச்சன். ஆட்டம் முடிய அவன் நேர என்னட்ட வந்தான். பேப்பரைப் பற்றித்தான் சொல்லப்போறான் எண்டு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டன். அவன்ர முகம் செத்தவீட்டு முகம். "நான் அவனை இழுத்தது உங்கட கண்ணுக்கு முன்னால. ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

நன்றி சொல்லப் போனது

அலுமாரிக் கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. யோர்கனுக்கும் இல்லை, அறையில கூட இருந்த பெடியளுக்கும் இல்லை. சொன்னால் அவனுக்கு வேலை போகும், பிறகு ஆர் திறக்கிறது? அரசாங்கக் கந்தோர்க்காரரைப் பகைச்சு ஆர் உருப்பட்டது? இப்பிடியே எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஒரு மாரிகாலம் முழுக்க இருந்தன். அதுக்குள்ள வசந்தியின்ர கடிதம் வந்தது, வேற ஆற்றையோ கையெழுத்தில. பக்கத்து வீட்டில செல் விழுந்ததாம். அவவுக்கு ஒரு காது கேக்கேல்லையாம். மற்றும்படி சுகமாம். மற்றும்படி!

பிறகு ஆரோ கேள்வி கேட்டு, நாடே கேள்வி கேட்டு, அலுமாரியள் திறபட்டது. வசந்திக்கும் அனுமதி வந்தது. அடுத்த ஒக்டோபரில கோபன்ஹேகன் டீம் திரும்ப வந்தபோது, எனக்குப் பன்னிரண்டுதான் வந்தது, நானும் ஒண்டைக் கழிச்சுக் கையைக் காட்டினன், பழகிட்டுது. முடிய ஐம்பத்தேழிட்டப் போய் நன்றியெண்டு கையை நீட்டினன். அவன் கையைத் தரேல்லை. "நான் அண்டைக்குச் சொன்னது நீங்கள் போய்க் கத்தவேணும் எண்டுதான். நான் கத்த ஏலாது. நீங்கள் கத்தியிருந்தால் மாதக்கணக்கா முந்தித் திறந்திருக்கும்."

பில்லுண்டிலயிருந்து வீட்டுக்கு

வசந்தி பில்லுண்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினா. மெலிஞ்சு, தலைமயிர் கட்டையா வெட்டி. நான் அழுதன், அவ அழேல்லை. யோர்கன்ர காரை வாங்கிக்கொண்டு போயிருந்தனான். ரோட்டுக்கு ரண்டு பக்கமும் சதுப்பு, புகாருக்குள்ள வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மெல்ல ஓட்டினன். வீட்டு வாசல்படி மிதிக்க முன்னம் சொல்லிப்போடவேணும் எண்டு முடிவெடுத்து, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் தொடங்கினன். அலுமாரி, படம், முழுங்கின கொடி, நான் வாய் திறக்காமல் இருந்த மாரி, அந்தப் பெடியன் கடைசியாச் சொன்னது, ஒண்டும் விடாமல் சொன்னன். உன்ர காது என்னாலதான் போனது எண்டும் சொன்னன். என்ர வாயால அதைச் சொல்ல என்ன பாடு பட்டனெண்டு எனக்குத்தான் தெரியும்.

அவ புகாரைப் பாத்தபடி இருந்தா. பக்கத்தில ஆள் இருக்கிறாவோ இல்லையோ எண்டு ஒருக்கா எனக்குப் பயமே வந்திட்டுது. இந்த நாட்டில கார் ஓட்டுற ஆள் இருக்கிறது இடப்பக்கம், அவ எனக்கு வலப்பக்கம். எந்தக் காது எண்டு கடிதத்தில எழுதியிருக்கேல்லை, நானும் கேக்கேல்லை. பிறகு வசந்தி முழுசா என்ர பக்கம் திரும்பி, என்ர வாயைப் பாத்தா. "இடது காதுதான் எனக்குப் போனது. நீங்கள் ஏதோ கதைச்சுக்கொண்டு வந்தமாதிரிக் கிடந்தது. என்னெண்டு திரும்பச் சொல்லுங்கோ."

அதுக்குப் பிறகு எத்தினையோ வருசம் எத்தினையோ திடல்ல மூச்சு முட்டாமல் விசில் ஊதிப்போட்டன், அவவின்ர வலப்பக்கத்தில போய் நிண்டு அதைத் திரும்பச் சொல்லத்தான் இன்னும் ஒரு நல்ல நேரம் வாய்க்கேல்லை.