இடி இடித்தால் மெயினை இறக்கு

காலை ஏழரைக்கே அழகன் இரண்டாம் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுவார். நானுஓயாவுக்கு மேலே, தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய பல்கலைக்கழக வளாகம் அது. கணினி அறிவியல் துறையின் கட்டடத்துக்குள்ளும் மூட்டம் வந்து உட்கார்ந்திருக்கும். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் தட்டில் தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, நாற்பது கணினிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, எது எழும்பியது, எது எழும்பவில்லை என்று கொப்பியில் குறிப்பார். தோட்டத்தில் விடியக்காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டு மாதிரியே இருந்ததால், மாணவர்களும் அதைப் பெரட்டு என்றே சொன்னார்கள்.

“இன்னைக்குப் பெரட்டுல எத்தன பேரு வரல அண்ணே?”

“பதினேழுக்குக் காய்ச்சல். இருபத்தாறுக்குக் கண்ணு தெரியல. மத்தவங்க எல்லாம் கொழுந்தெடுக்கப் போயாச்சு.”

அழகன் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போவதற்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. நுவரெலியாவில் இம்தியாஸ் என்பவரின் கடையில் போன் திருத்தினார். பிறகு இந்தத் துறையில் ஐந்து வருடம் நாள் கூலிக்குக் கணினி தூக்கினார், வயர் இழுத்தார். கடைசியில் ஆய்வுகூட உதவியாளர் நியமனம் கிடைத்தது. மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. நிரந்தரக் கடிதம் வந்தால் ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு உண்டு. மனைவி வினோதாவையும் மகளையும் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

லயத்தை விட்டு வர வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. அப்போது அவருக்குப் பதினொரு வயது. பின்னேரம் இடி விழுந்து, கூரைக்குக் கீழே ஓடிய பழைய வயர் பற்றிக்கொண்டது. ஆறு வீடுகள் எரிந்தன. எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். பக்கவாதத்தில் கிடந்த பக்கத்து வீட்டுச் சின்னராசா மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த லயத்தில் ஒரு வழக்கம். இடி கேட்டால், யார் கிட்ட நிற்கிறார்களோ அவர்கள் மின்சாரத்தை நிறுத்தும் மெயினை இறக்க வேண்டும். பெரியவர், சின்னவர் கிடையாது. சோறு அடுப்பில் இருந்தாலும், பிள்ளை கையில் இருந்தாலும், முதலில் மெயின்.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஓர் உள்ளறை. அங்கே துறையின் பெரிய கணினி ஒன்று இரவு பகலாக இரையும். இறுதி வருட மாணவர்கள் முறை வைத்து அதில் வேலை செய்வார்கள். ஒக்டோபர் மாதத்து அந்தக் கிழமை முழுக்க ரிஸ்லாவின் முறை. ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹசனின் மகள். தேயிலை இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லக் கணினியைப் பழக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாயிரம் படங்கள். அவற்றைப் பிரிக்கும்போது அழகனும் பக்கத்தில் இருந்து உதவினார்.

“இது நோயில்லம்மா. மருந்தடிச்ச கறை.”

“அப்ப இது?”

“அது யாரோ வெத்தல துப்பியிருக்காங்க.”

படங்களை எல்லாம் கணினி படித்து முடிக்க அறுபது மணித்தியாலம் வேண்டும். அறிக்கையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கணினியில் இடம் போதாததால், இடையிடையே சேமிக்கும் வசதியை ரிஸ்லா நிறுத்தி வைத்திருந்தாள். மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் பற்றரியும் பழுதாகிக் கொழும்புக்குப் போயிருந்தது. “அணைக்க வேண்டாம்” என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியவரே அழகன்தான்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி. ஆய்வுகூடத்தில் யாரும் இல்லை. அழகன் உள்ளறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எதிர் மலையில் இடி விழுந்து கண்ணாடி அதிர்ந்தது. அவர் யோசிக்கவில்லை. கை சுவருக்குப் போனது, மெயின் இறங்கியது. இரைச்சல் நின்று அறை அமைதியான பிறகுதான் தான் நிற்கும் இடம் அவருக்குத் தெரிந்தது. உடனே மெயினை ஏற்றினார். கணினி வெறுமையாக எழும்பியது. ஐம்பத்தொரு மணித்தியால வேலை போய்விட்டது.

பத்து நிமிடத்தில் ஊர் முழுக்க மின்சாரம் நின்றது. ரிஸ்லா மழையில் நனைந்து ஓடிவந்தாள்.

“கரண்ட் கட்டா அண்ணே?”

“ஆமாம்மா,” என்றார் அழகன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இன்னும் ஒம்பது மணித்தியாலம்தான் இருந்திச்சு,” என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

துறையின் விதியை அவர் அறிவார். மின்தடைக்குக் கால நீடிப்பு கிடையாது, துறையின் ஆட்கள் செய்த தவறுக்கு மட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை தவறினால் ரிஸ்லா அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும், பட்டமும் அவ்வளவு தள்ளிப்போகும்.

பின்னேரம் ஆறு மணிக்கு வினோதாவிடமிருந்து போன் வந்தது. நடந்ததை எல்லாம் அவர் சொன்னார்.

“யாரும் பாக்கல இல்ல?” என்றாள் அவள்.

“பாக்கல.”

“நம்ம புள்ள புது வீட்டுக்கு ஜன்னல் படமெல்லாம் வரஞ்சி வச்சிருக்கா,” என்றாள். பிறகு, “உண்மைய சொல்ல வேணாம்னு நான் சொன்னா கேட்டுக்குவீங்களா?”

“கேட்டுக்குவேன்.”

“அதனாலதான் சொல்ல மாட்டேங்கறேன்,” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும், கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு மெயினை இறக்கியது நான். மின்தடை வந்தது அதற்குப் பிறகு. கையெழுத்தும் திகதியும் போட்டு, துறைத் தலைவர் ஜெயரத்தினத்தின் மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்தவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு தரம் வாசித்தார்.

“இதை ஏன் எழுதித் தாறீர், அழகன்? ஒருத்தரும் உம்மட்டைக் கேக்கேல்லையே.”

“கேக்கலைங்க சேர். அந்தப் புள்ளைக்கு நாலு நாள் வேணுங்க.”

“இந்தத் தாள் உம்மடை நியமனக் கோவைக்குள்ளை போகும். பிறகு நான் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?”

“விளங்குதுங்க சேர்.”

“இடி முழங்கினதுக்கு ஏன் மெயினை இறக்கினனீர்?”

சின்னராசாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும். “பழக்கங்க சேர்,” என்றார்.

ரிஸ்லாவுக்கு நான்கு நாள் கிடைத்தது. தகுதிகாண் காலம் ஒரு வருடம் நீட்டப்பட்டது என்று அடுத்த மாதம் அழகனுக்கும் கடிதம் வந்தது. குடியிருப்பில் இருந்த வீடு வேறொருவருக்குப் போயிற்று. உண்மை தெரிந்த நாளிலிருந்து ரிஸ்லா இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. அவள் கேட்டபோது அவர் ‘ஆமாம்மா’ என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை தானாக வந்து, “அண்ணே, பதினேழுக்குக் காய்ச்சல் விட்டிச்சா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல. இருமல் வேற.”

அன்று பின்னேரமும் வானம் கறுத்தது. கணினி நாற்பதாவது மணித்தியாலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இடி தூரத்தில், இரண்டாவது பக்கத்து மலையில். ரிஸ்லா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழகன் மெயினுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த இடியில் தோள் ஒருமுறை குலுங்கியது. கட்டிய கை அவிழவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. வினோதா.

“இங்க இடி பயங்கரமா இருக்கு,” என்றாள்.

“மெயின இறக்கிட்டியா?”

“இறக்கியாச்சு. பாப்பாதான் ஓடிப் போயி இறக்கினா. அங்க?”

அழகன் இரைந்துகொண்டிருந்த கணினியைத் திரும்பிப் பார்த்தார்.

“இங்க இறக்கல,” என்றார்.