கட்டைவிரலுக்கு ஒரு பெடல்

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களைச் செய்வதும் திருத்துவதும் என் பொழுதுபோக்கு. லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்கு ஒருநாள், எதிரொலி சேர்க்கும் பெடல் ஒன்றுடன் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, தோளில் கிட்டார். வாசிக்கத் தொடங்கினால் கண்களை மூடிக்கொள்வார்.

“மிதிச்சா டக்குனு சத்தம் வருது சார். ஜெபத்துக்கு நடுவுல எல்லாருக்கும் கேக்குது. இன்னொரு வாட்டி அந்த சத்தம் கேட்டா இதை வீட்லயே வெச்சிட்டு வாங்கன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு.”

அவர்கள் சபையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பூட்ஸ் காலுக்காகச் செய்த இரும்பு சுவிட்சை அவர் வெறும் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

அதைக் கழற்றிவிட்டுச் சத்தம் வராத மெத்தென்ற சுவிட்சைப் பொருத்தினேன்.

“ஒரு தடவை அழுத்தினா எதிரொலி வரும், மறுபடி அழுத்தினா போயிடும். வந்துச்சான்னு தெரிய இந்த சிவப்பு லைட் எரியும்” என்றேன்.

“ஜெபத்துல கண்ணைத் தொறந்து லைட்டைப் பாக்கச் சொல்றீங்களா?” என்று சிரித்தார்.

வயரிங்கை மாற்றினேன். இப்போது விரல் அழுத்தியிருக்கும்வரை எதிரொலி வரும். விரலை எடுத்தால் நிற்கும்.

அந்த ஞாயிறு சபையின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஜெபத்துக்கு நடுவே, டக்கென்ற சத்தமில்லாமல், கிட்டார் ஒலி கூடம் முழுக்க விரிந்தது. பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்த அம்மாளின் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த அம்மாள் கண்ணைத் திறக்கவேயில்லை.

இப்போதெல்லாம், செய்து முடித்த பெடல் ஒவ்வொன்றையும் தரையில் வைத்து, கண்ணை மூடி, வெறுங்காலால் அழுத்திப் பார்க்கிறேன். அதுவரை மேசைமேல் வைத்துக் கையால்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.