உயிர்க் காகிதம்

எனக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததும் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. ‘பேங்க் லோன் போடுங்க’ என்றார் எதிர்வீட்டுக்காரர். போட்டோம். தனியார் காலேஜ் ஃபீஸைப் பார்த்த மேனேஜர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். பத்திரத்தில் அப்பாவோடு சித்தப்பா பேரும் இருந்தது. அவர் பிரான்சில் உட்கார்ந்துகொண்டு ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்றே இரண்டு மாதத்தை ஓட்டினார். ‘ஸ்காலர்ஷிப் இருக்கே’ என்றார்கள். இருந்தது. போன வருஷத்துப் பிள்ளைகளுக்கே அது இன்னும் வந்து சேரவில்லை. ‘பிரான்ஸ் மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டிக் குடுத்துடுங்க, அவன் படிக்க வெப்பான்’ என்றாள் ஒரு அம்மாள். அட போங்கம்மா! அந்த மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற சீரில் இரண்டு பேர் டாக்டருக்குப் படித்துவிடலாம்.

அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் கம்பெனி வேலை. அந்தச் சம்பளம் ஃபீஸுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசியில் அப்பாவின் அக்காதான் வந்து நின்றாள். அத்தை பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தாள், பிள்ளை இல்லை. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிடையர் ஆனவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் போனபிறகு அவளுக்கு விதவை பென்ஷன் வந்தது. ‘என் பென்ஷன் வர்ற வரைக்கும் இவ படிப்பா. எவன் வாசல்லயும் போயி நிக்காதடா’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

வருஷத்துக்கு ஒரு தரம் பிரான்சிலிருந்து ஒரு காகிதம் வரும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நாங்கள் அதை உயிர்க் காகிதம் என்போம். அன்றைக்கு அத்தை கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்புவாள். பட்டுப்புடவை, தலைக்குச் சாயம், முகத்துக்குப் பவுடர். நான்தான் ஸ்கூட்டியில் கூட்டிப் போவேன்.

‘என்னா அத்த, பொண்ணு பாக்க வராங்களா?’

‘சிரிடி, சிரி. நோயாளி மாதிரி போயி நின்னா கையெழுத்துப் போடுவானா? பென்ஷன நிறுத்திடுவான்.’

எனக்குச் சிரிப்பு தாங்காது. உயிரோடு இருந்தால் போதும், உடம்புக்கு என்ன இருந்தாலும் பென்ஷன் வரும் என்று ஒரு தரமாவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

மூன்றாம் வருஷம் முடிகிற சமயம் அத்தையின் இடது கை வளையலைக் காணவில்லை. கைக்கு ஒன்றாக மாமா வாங்கிக் கொடுத்த கெட்டி வளையல்கள். அந்த மாதம்தான் என் ஃபீஸ் கட்டியிருந்தது. அடகு வைத்துவிட்டாள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டால் ஆமாம் என்பாளே, அப்புறம் எந்த முகத்தோடு காலேஜுக்குப் போவது? அதனால் அந்தக் கை பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவளும் அதை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். பிபி பார்த்துப் பழகப் போனால் வலது கையைத்தான் நீட்டுவாள். வீட்டில் இருக்கும்போதுகூட சென்ட் போட ஆரம்பித்தாள்.

அதே மாதங்களில் நான் சர்ஜரி வார்டில் நின்று, முன்பின் தெரியாத பெண்களின் மார்பில் கட்டியைத் தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தேன். கை வீங்கியிருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று வரிசை தப்பாமல் ஒப்பித்து நல்ல பேர் வாங்கினேன். பாவி நான்.

கடைசி வருஷத்துக்கு இன்னும் ஒரே ஒரு ஃபீஸ்தான் பாக்கி. அந்த முறை உயிர்க் காகிதத்துக்குப் போனபோது ஆபீஸ் படிக்கட்டில் மூன்று இடத்தில் நின்றாள். ‘வயசாவுதில்ல’ என்றாள். அதிகாரி முன்னால் மட்டும் நிமிர்ந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிச் சிரித்தாள். கையெழுத்து விழுந்தது.

பத்தே நாளில் மூச்சு முட்டியது. நானும் அப்பாவும் என் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனோம். சர்ஜரி டாக்டர் திரையை இழுத்துவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றினார். இடது மார்பு முழுக்கப் புண். இடது கை தொடைப் பருமனுக்கு வீங்கியிருந்தது. நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘வீட்டுல யாருமே பாக்கலையாம்மா?’ என்று மெதுவாகக் கேட்டார்.

‘ஏன் அத்த சொல்லல?’ என்று அழுதேன்.

‘ஆஸ்பத்திரில பேரு எழுதிட்டா அவனுங்களுக்குத் தெரிஞ்சிடாதா? காகிதத்துல கையெழுத்து விழுமா? ஒரு ஃபீஸுதானே, கட்டிட்டு உங்கிட்டயே காட்டலாம்னு இருந்தேன்.’

‘அவங்களுக்குத் தெரியாது அத்த! தெரிஞ்சாலும் நிறுத்த மாட்டாங்க! நோய்க்கும் பென்ஷனுக்கும் சம்பந்தமே இல்ல!’

அத்தை ‘அப்பிடியா?’ என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று வாரம் இருந்தாள்.

அவளோடு பென்ஷனும் நின்றது. காலேஜில் தேதி சொல்லிவிட்டார்கள். அப்பா தன் பி.எஃப். பணத்தை வழித்தெடுத்தார், அப்போதும் குறைந்தது. அத்தையின் பீரோவில் இருந்து ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். உள்ளே இரண்டு வளையலும் இருந்தன. ஒன்று வெட்டப்பட்டு வாய் பிளந்து கிடந்தது.

கடைவீதியில் பத்தரிடம் விற்கப் போனோம். அவர் வெட்டுப்பட்டதைத் திருப்பிப் பார்த்தார்.

‘இத நான்தான் வெட்டி எடுத்தேன். கை வீங்கிப் போயி கழட்டவே முடியல. வலியில துடிச்சாங்க. டாக்டருகிட்ட காட்டும்மான்னு சொன்னேன். எங்க வீட்டுலயே டாக்டரு இருக்கா, அவ பாத்துட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான்னாங்க.’

பிறகு என்னைப் பார்த்தார். ‘அந்த டாக்டரு நீதானாம்மா?’

அப்பா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

‘ஆமாங்க’ என்றேன்.