தோற்கிறவன் மேல் கட்டிய பந்தயம்

நான் தோற்பதற்குச் சம்பளம் வாங்கியவன். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைப்பார்கள். தத்துவமெல்லாம் இல்லை. வில்லாபுரத்தில் பகலெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுவேன். திருவிழா சீசன் வந்தால் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ரிங்கில் ஏறி அடி வாங்குவேன். டிவியில் வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போட்டுக்கொள்வார்களே, அதே மல்யுத்தம்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் அதற்கு நல்ல கூட்டம் வரும்.

ஷோ நடத்திய ஓனர் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே டிவி பார்த்துப் பித்துப் பிடித்த மனிதர். இரும்புக் குழாய், பிளைவுட், பழைய மெத்தை, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து ஒரு ரிங் கட்டினார். சுற்றிலும் கட்டிய கயிறு உண்மையில் கயிறு இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாய்க்குள் இரும்புக் கம்பியை விட்டு இழுத்துக் கட்டியிருந்தார். அதில் முதுகை மோதினால் கோடு கோடாகத் தடித்துவிடும். "எல்லாம் பொய்யாமே?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்கிறவர்களை அந்தக் கம்பியில் ஒரே ஒரு தடவை மோத விட வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை இருக்கிறது.

ஆமாம், முடிவு பொய்தான். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்வோம். அது ஓனருக்கும், ரிங்கில் இறங்குகிற இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். கீழே கிடப்பவனுக்குப் பக்கத்தில் மூன்று தட்டுத் தட்டி முடிவு சொல்கிற ரெஃப்ரிக்குக்கூடச் சொல்வதில்லை. ஆனால் விழுவது பொய் இல்லை. என் எடைக்கு என்னை எவனும் தனியாகத் தூக்கிவிட முடியாது. எதிராளி என் மணிக்கட்டை அமுக்கினால் நான் குதிக்க வேண்டும், அப்போதுதான் மேலே போவேன். மேலே போன பிறகு என் கழுத்து அவன் பொறுப்பு. அவன் ஒழுங்காக இறக்கினால் மறுநாள் ஆட்டோ ஓட்டுவேன். இல்லையென்றால் என் வீட்டுக்காரி எனக்குச் சோறு ஊட்ட வேண்டியதுதான். ஊரையே ஏமாற்றுகிற தொழிலில் அந்த இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆட்டத்தின் நடுவே எதிராளிக்கு நிஜமாகவே அடிபட்டுவிட்டது என்று தெரிந்தால், அவன் காதருகே குனிந்து "எந்திரிக்காத" என்று சொல்ல வேண்டும். கேட்டவன் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அசையாமல் கிடக்க வேண்டும். பேசி வைத்த முடிவு எதுவாக இருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். உடம்பு சூடாக இருக்கும்போது அடிபட்டவனுக்கே அடி தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு. எங்களோடு இருந்த ஒருவன் இதைக் கேட்காமல் வீம்புக்கு எழுந்தான். இன்றைக்கும் அவனால் சட்டைப் பித்தான் போட முடியவில்லை.

என் எதிராளி திருவாதவூர்க்காரன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குவான். ஆள் வாட்டசாட்டமாக, பார்க்க லட்சணமாக இருப்பான், அதனால் அவன் ஹீரோ. என் மூஞ்சி வில்லனுக்குத்தான் தோது என்று ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் அவன் கண்ணில் மண்ணைத் தூவுவேன். கூட்டம் என்னைத் திட்டும். கடைசியில் அவன் என்னைத் தூக்கிப் போட்டு ஜெயிப்பான். ஒரு ஊரில் ஒரு அம்மா என் மேல் செருப்பை எறிந்தார். வேலையைச் சரியாகச் செய்கிறேன் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சம்பளம் என்று பெருமையாகச் சொன்னேன். அது பெட்ரோலுக்கும் தைலத்துக்கும் சரியாகப் போகும். அடிபட்டால் அவரவர் பாடு. மாப்ளைக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. தின்றது மூட்டையா, ரிங்கா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஆபரேஷன்தான் வழி என்றார்கள். அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு ரிங்குக்கு வந்துகொண்டிருந்தான். கூட்டத்தின் முன்னால் நொண்டாமல் நடந்ததுதான் அவன் செய்ததிலேயே பெரிய நடிப்பு. அவன் இடுப்புக்கு வலிக்காமல் எப்படி விழுவது என்று பார்த்துப் பார்த்து விழுந்தேன்.

என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். மிஷன் பள்ளிக்கூடம். அவள் வகுப்பில் யாரோ என் ஆட்டத்தைப் போனில் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா எல்லார்ட்டயும் அடி வாங்குறாருடி" என்று சொல்லியிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள். அது நடிப்பு, அப்பாவுக்கு வலிக்காது என்று சமாதானம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நடிப்புன்னா ஒரு தடவ நீங்க ஜெயிக்கிற மாதிரி நடிக்கலாம்லப்பா?"

நியாயமான கேள்விதானே.

அதை மாப்ளையிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இதுக்கு என்ன மாப்ள, அடுத்த ஷோவுல நான் படுத்துர்றேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா" என்றான். அவனே ஓனரிடமும் பேசினான். கொட்டாம்பட்டிப் பக்கத்துத் திருவிழாவில் நான் ஜெயிப்பது என்று முடிவானது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என் மகள் பார்க்க. வீட்டில் முடிவைச் சொல்லவில்லை. "இந்தத் தடவ வந்து பாரு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அந்த வாரம் ஆட்டோ ஓட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டே ஓட்டியிருப்பேன்.

எங்கள் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கிரிக்கெட், சேவல் சண்டை எதையும் விடாத ஆட்கள், எங்களை மட்டும் விடுவார்களா? வாட்ஸ்அப்பில் அதற்கென்று ஒரு குரூப் இருந்தது. மாப்ள ஜெயிப்பான் என்று கட்டினால் டீச் செலவுக்குத் தேறும். நான் ஜெயிப்பேன் என்று கட்டினால் ஒன்றுக்கு எட்டு. அந்த எட்டை எவனும் வாங்கியதில்லை. பேசி வைத்த ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுகிறவனை என்னவென்று சொல்வது? நாங்கள் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஷோவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆட்டோ ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அண்ணே, இந்த வாட்டி ஒங்க மேலதேன் கட்டியிருக்கேன். ஒங்க ரேட்டு இப்ப மாறிப்போச்சுல்ல" என்றார். என் மேல் கட்டுகிறவர்கள் அதிகமானதால், என் பெயருக்குக் கிடைப்பது குறைந்துவிட்டதாம், மாப்ள பெயருக்கு ஏறிவிட்டதாம். விஷயம் வெளியே கசிந்திருக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்னையும் நாலு பேர் நம்புகிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

அன்றைக்கு நாலு வழிச் சாலையை ஒட்டிய பொட்டலில் நல்ல வெயில் இருக்கும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. முன் வரிசையில் என் வீட்டுக்காரியும் மகளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போடும் கவுனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் வழக்கம்போல மண்ணைத் தூவினேன், கூட்டம் வழக்கம்போலத் திட்டியது. எல்லாம் பேசி வைத்தபடியே போனது. கடைசிக் கட்டத்தில் அவன் என்னைத் தோளுக்குத் தூக்க வேண்டும், நான் அவன் முதுகு வழியாக நழுவி இறங்கி அவனைச் சாய்க்க வேண்டும், அவன் மூன்று தட்டுக்கும் கிடக்க வேண்டும். அவன் என் மணிக்கட்டை அமுக்கினான். குதித்தேன்.

நழுவ முடியவில்லை. அவன் கை என் தொடையை விடவில்லை. என்னைத் திருப்பித் தரையில் போட்டான். சொல்லப்போனால், போடவில்லை, வைத்தான். என் பின்னந்தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கித்தான் இறக்கினான். பிறகு என் நெஞ்சின் மேல் சாய்ந்து, காதோரம் மெதுவாகச் சொன்னான்.

"மாப்ள, எந்திரிக்காத."

எனக்கு உயிரே போய்விட்டது. கழுத்து போய்விட்டது என்று நினைத்தேன். எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறான். அசையாமல் கிடந்தேன். கால் கட்டைவிரலை மட்டும் ஷூவுக்குள் அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. அசைகிற மாதிரி தோன்றுகிறதோ, நிஜமாகவே அசைகிறதோ என்று சந்தேகம் வந்தது. ரெஃப்ரி மூன்று தட்டும் தட்டி முடித்தார். கூட்டம் விசிலடித்தது. மகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்கக்கூடப் பயந்தேன்.

ரிங்குக்குப் பின்னால் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்தான். "விழும்போது கழுத்து மடங்குன மாதிரி தெரிஞ்சுச்சு மாப்ள" என்றான். ஓனர் ஓடிவந்து என் தோளைத் தடவிவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாப்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை பாத்த மாப்ள. ஒனக்குக் கோடிப் புண்ணியம்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

திரும்பும்போது மகள் ஆட்டோவில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நான்தான் பேசினேன். அப்பா ஜெயிக்கத்தான் இருந்தேன், கழுத்தில் அடிபட்டுவிட்டது, மாமாதான் ஆட்டத்தை நிறுத்திக் காப்பாற்றினார் என்று சொன்னேன். அவள் என் பின்னங்கழுத்தில் கை வைத்துக்கொண்டே வில்லாபுரம் வரைக்கும் வந்தாள்.

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போனால், டீக்கடைக்காரர் டம்ளரை வைத்த தோரணையே சரியில்லை.

"நல்லா நாமம் போட்டீகண்ணே" என்றார்.

"என்ன நாமம்? எனக்குக் கழுத்துல அடி."

"எந்தக் கழுத்துல? நீங்க ஜெயிக்கப் போறீகன்னு குரூப்புல சேதி போட்டதே ஒங்க மாப்ளயோட மச்சினன்தேன். அத நம்பி அம்புட்டுப் பேரும் ஒங்க மேல கட்டுனோம். ஷோ ஆரம்பிக்கப்போறப்ப அவன் மட்டும் மொத்தமா ஒங்க மாப்ள மேல கட்டுனான். நீங்களும் சேந்துதேன் செஞ்சீகன்னு எல்லாரும் பேசிக்கிறாக."

டீ ஆறிக்கொண்டிருந்தது. என் கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வலியும் இல்லை. காலையிலிருந்தே இல்லை. ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன், சவாரி கூப்பிட்டவர்களை அடுத்த வண்டிக்கு அனுப்பினேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல? பேசி வைத்தபடி எதிராளி தோற்கவில்லை ஐயா என்று எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுக்க? அதைவிட, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அதுதான் பெரிய கேவலம். ஏமாந்தவன் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ரிங்கில் ஏறவில்லை. ஓனர் பல தடவை கூப்பிட்டார். இனி நிஜமாகவே கழுத்து முறிந்து எவனாவது அந்த வார்த்தையைச் சொன்னாலும் நான் எழுந்துவிடுவேன், அப்படிப்பட்டவன் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

மாப்ள ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றி ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். நான் வா என்று சொல்லவில்லை. வாசல் படியிலேயே நின்றான். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கேட்டிருந்தா நானே படுத்திருப்பேனே மாப்ள" என்றேன். "எத்தன வருசமாப் படுக்குறேன். ஒன் ஆபரேசனுக்குன்னா படுக்க மாட்டேனா?"

"படுப்பன்னு தெரியும். ஒன் மகள வந்து பாருன்னு கூப்பிட்டுட்டு, அவ முன்னாடி தோக்கப்போறோம்னு தெரிஞ்சா ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். ஒனக்கு அம்புட்டு நடிக்க வராது."

"சரி. அந்த வார்த்தைய எதுக்குச் சொன்ன? வேற எதையாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

அவன் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற எதச் சொல்லியிருந்தாலும் நீ எந்திரிச்சிருப்ப மாப்ள."

எனக்கு அப்படியே அவனைப் படியிலிருந்து தள்ளிவிடலாம் போல வந்தது. இடுப்பைப் பார்த்துத்தான் கையை அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீருடன் வந்தாள். அவனிடம் நீட்டினாள்.

"மாமா, அன்னைக்கு அப்பா கழுத்த நீங்கதேன் காப்பாத்துனீங்களாம்ல. அப்பா சொன்னாரு. நீங்க பாக்கலைன்னா அப்பாவுக்குக் கை கால் விழுந்திருக்குமாம்ல?"

அவன் சொம்பை வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். ரிங்கில் எத்தனையோ முறை அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன், இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அவன் அந்தப் படியிலேயே செத்திருப்பான், சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு வாய் துடித்தது. மகள் என் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த உலகத்தில் அவள் அப்பாவைக் காப்பாற்ற ஒரு ஆள் இருக்கிறான் என்கிற நிம்மதி அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"ஆமாத்தா. மாமாதேன் காப்பாத்துனாரு" என்றேன்.

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். அவனுக்காக நான் கடைசியாகத் தோற்றது அன்றைக்குத்தான்.