அழிக்காமல் விட்ட பிள்ளையார்

வருமா என்று அவர் கேட்டார், வரும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துத் தியேட்டர்களில் டிஜிட்டல் சர்வர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. படம் இப்போது ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சர்வர் என்ற இரும்புப் பெட்டிக்குள் ஏறி, அங்கிருந்து திரைக்குப் போகிறது. கேட்டவர் செந்துறைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றின் ஆபரேட்டருடைய மனைவி. வாயால் கேட்கவில்லை, நோட்டில் எழுதிக் காட்டினார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

'அடுத்த வெள்ளிக்கிழமை வர்ற படத்துல பேசுறதெல்லாம் தமிழ்ல எழுத்தா கீழ வருமாம். போன்ல பாத்தேன். நம்ம தியேட்டர்ல வருமா?'

அந்த அக்கா திருச்சியில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தியேட்டரின் கேன்டீனை நடத்துகிறார். இடைவேளைக் கூட்டம் உள்ளே போனதும் கையைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். உதட்டைப் பார்த்துக் கதை பிடிப்பார். பாதிப் படங்களில் ஒருவர் வேறு மொழியில் வாயசைக்க இன்னொருவர் தமிழ் பேசியிருப்பார். அந்த உதட்டை நம்பி அவர் எங்கே போவது? மிச்சத்தை வீட்டில் சோறு தின்றுகொண்டே கணவர் கை ஜாடையில் சொல்வார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

வரும் என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அந்த சர்வரில் இருக்கும் மென்பொருள் எந்தக் காலத்தது என்று பார்த்தேன். அது படத்தை ஓட்டும், எழுத்தைக் கண்டுகொள்ளாது. புதிய பதிப்பு ஏற்றினால்தான் எழுத்து வரும். எங்கள் தலைமை அலுவலகத்தில் கேட்டேன். "பழைய பொட்டிங்க மேடம். அப்டேட் போட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்ககிட்ட வராதீங்க" என்றார்கள். தியேட்டர் முதலாளி இன்னும் ஒருபடி மேலே போனார்.

"படம் ஓடுதுல்லம்மா. எழுத்து யாருக்கு வேணும்?"

"உங்க கேன்டீன் அக்காவுக்கு வேணுங்க."

"சரி, வியாழக்கிழமை மூணு மணி வரைக்கும் பாரும்மா. அதுக்கு மேல பொட்டியில கை வைக்கக் கூடாது. மறுநாள் படம் நின்னுச்சுன்னா சனம் சீட்டக் கிழிச்சுப்புடும்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினேன். அரியலூர் தாண்டும் வரை முன்னால் சிமென்ட் லாரிகள்தான். போய் இறங்கியபோது முகத்துக்குப் பவுடர் தேவைப்படவில்லை. ஆபரேட்டர் அண்ணன் மாடியில் புரொஜெக்டர் அறையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

புதிய பதிப்பு ஏற்றுவதற்கு முன் சர்வருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது முதல் விதி. படம், டிரெய்லர், விளம்பரம், எதுவும் மிஞ்சக் கூடாது. அதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"எல்லாம் அழிச்சாச்சா அண்ணே?"

"ஒண்ணு விடாம அழிச்சாச்சு மேடம். கழுவி வுட்ட மாதிரி இருக்கு."

நானும் சர்வரின் சின்னத் திரையில் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினேன்.

இவ்வளவு பழைய பெட்டியில் புதியதை நேராக ஏற்ற முடியாது. முதலில் நடுவில் ஒரு பதிப்பு, அதன் மேல் புதியது. நடுப் பதிப்பு ஒழுங்காக ஏறியது. புதியது அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு, தானாகவே நடுப் பதிப்புக்குத் திரும்பிக்கொண்டது. பென் டிரைவை மாற்றினேன். காற்று போகும் சல்லடையில் அப்பியிருந்த சிமென்ட் தூசியைத் தட்டினேன். உள்ளே இருக்கும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி அறுபத்திரண்டு.

அதற்குள் மணி பன்னிரண்டரை. அக்கா டீயும் வடையும் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். வருமா என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"வுட்டுடுங்க மேடம்" என்றார் அண்ணன். "அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா. பழகிப்போச்சு."

"பழகிப்போனது உங்களுக்கு" என்றேன். சுருக்கென்று தைத்திருக்கும். தைக்கட்டும் என்றுதான் சொன்னேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றாமல் அந்த மனுஷியின் முகத்தில் விழித்துவிட்டு நான் படியிறங்குவதாக இல்லை.

இந்தப் பெட்டிகள் தாங்கள் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். ஒரு மணி நேரம் படித்த பிறகுதான் தெரிந்தது: இரண்டு தடவையும் பெட்டி கடைசியாகத் தொட்டது ஒரே ஃபைலைத்தான். அதன் பெயரைக் காட்டி இது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டேன். சூரியனைக் காட்டி இது ஏன் இருக்கிறது என்று கேட்டதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

"அது நம்ம புள்ளையாருங்க."

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் பத்து விநாடி வரும் பிள்ளையார். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் செய்து வாங்கியது. அளவு, பதிவு முறை எதுவும் சரியில்லை. பழைய மென்பொருளும் நடுப் பதிப்பும் போகட்டும் என்று விட்டிருக்கின்றன. புதியதோ உள்ளே கிடப்பதையெல்லாம் தன் பட்டியலில் ஏற்றப் பார்த்து, இதில் வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"ஒண்ணு விடாம அழிச்சாச்சுன்னீங்களே?"

"படத்தையெல்லாம் அழிச்சேன் மேடம். புள்ளையார யாராச்சும் அழிப்பாங்களா?"

திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. காலையில் பிள்ளையார் என்ற அந்த ஒரு வரி திரையில் இருந்தது, நானும் பார்த்தேன். அம்மா கல்லங்குறிச்சிக் கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட வேலையிருக்கிறது என்று நழுவுகிறவள் நான். ஆனால் பிள்ளையாரை அழிக்க வேண்டியவற்றில் சேர்க்க எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

மணி இரண்டாகப் போகிறது. ஒரு தடவை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும். இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் இடம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணன் விசைப்பலகை மேல் கையை வைத்து மறைத்தார்.

"நாளைக்குப் புதுப் படம் மேடம். இன்னைக்குப் போயி அவர..."

நானும் விரலை எடுத்துக்கொண்டேன். அக்கா கதவோரம் நின்று எங்கள் இருவரின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்தார். இரண்டு கையாலும் எதையோ ஏந்துவதுபோல் பிடித்து, மெல்லக் குனிந்து தரையருகே கொண்டுபோய், கையை விரித்தார். நிமிர்ந்து கும்பிட்டார். எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"கரைக்கச் சொல்றா" என்றார் தயங்கி. "சதுர்த்தி முடிஞ்சா ஏரியில கரைக்கிறோம்ல, அடுத்த வருசம் புதுசு வாங்குறோம்ல, அதத்தான் சொல்றா."

அக்கா அவர் கையை எடுத்து ஓரமாக வைத்தார். அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அக்காவே அமுக்கினார். மூன்றாவது தடவையாகப் புதியதை ஏற்றினேன்.

அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். அறுபத்துமூன்று வந்தபோது நான் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். மூன்று மணிக்கு முதலாளி போன் செய்தார். கையை எடுத்துவிட்டேன் என்றேன்.

மறுநாளும் போனேன். அண்ணன் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, ஈரத்தோடு சர்வர் தலைமேல் வைக்கப் போனார். நான் போட்ட அதட்டலில் பிள்ளையார் பக்கத்து ஸ்டூலுக்கு மாறினார். படம் தொடங்கியது. அக்கா அன்றைக்குக் கேன்டீனைச் சாத்திவிட்டு முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தார். கீழே வரிகள் வந்து வந்து போயின. மேலிருந்து பார்த்தால் அவர் தலை மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை.

அரைமணி நேரம் போயிருக்கும். திடீரென்று எழுந்து மாடிப்படி ஏறி ஓடிவந்தார். எழுத்து நின்றுவிட்டது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. திரையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள், பேச்சே இல்லை. 'தூரத்தில் நாய் குரைக்கிறது' என்று கீழே எழுதியிருந்தது.

அக்காவின் கை அண்ணன் முகத்துக்கு நேரே படபடவென்று பேசியது. கோபமாகத்தான் இருந்தார்.

"என்னவாம் அண்ணே?"

"இத்தன வருசமா கதை சொன்னியே, நாய் கொரைக்கிறத ஒரு தடவகூடச் சொல்லலியேங்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானே கேட்டதில்லன்னேன்."

அந்தப் பதிலுக்கு அக்கா நிற்கவில்லை. அடுத்த வரி போய்விடும் என்று படியிறங்கி ஓடினார். அண்ணன் புரொஜெக்டர் அறையிலிருந்து அரங்கைப் பார்த்த சிறு ஜன்னலைத் திறந்தார். இருவரும் தலையை நீட்டி உற்றுக் கேட்டோம். படத்துக்குள் எங்கோ தூரத்தில் நாய் குரைத்துக்கொண்டுதான் இருந்தது.