வாசல் கதவில் ஒரு மாங்காய்ப் பூட்டு

ஓவியம் வரைய எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வெங்காயம், தக்காளி, சில்வர் தம்ளர் என்று சமையலறையில் கிடந்ததையெல்லாம், பார்ப்பவர் கை நீட்டி எடுக்கப்போகும் அளவுக்கு அச்சு அசலாக வரைய நானே பழகிக்கொண்டேன். அந்தத் திமிரில் எங்கள் வாசல் கதவின் வெளிப்பக்கம் நாதாங்கியோடு ஒரு மாங்காய்ப் பூட்டை வரைந்துவைத்தேன். வருகிறவர்கள் வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போவார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாக வரைவேன்.

போன வருடம் என் படங்களைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. வடை சுட்டு வைத்துக் காத்திருந்தேன். மதியம் ஆகியும் ஆளைக் காணோம். கோபத்தோடு போன் செய்தேன்.

"வந்தேனே மேடம். வீடு பூட்டியிருந்துச்சு. திரும்பிப் போக திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

திட்ட வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், பஸ் ஏறிராதீங்க. அது பூட்டு இல்ல, நான் வரைஞ்ச படம்."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர் பூட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மத்த படத்தையெல்லாம் அப்புறம் பாக்குறேன். இந்தக் கதவைக் கழட்டித் தருவீங்களா?"

கதவு கண்காட்சிக்குப் போனது. வீட்டுக்குப் புதுக் கதவு போட்டோம். அதில் நான் எதையும் வரையவில்லை.

மறுவாரமே சேலை விற்கும் அண்ணன் கதவைத் தட்டினார்.

"எங்கம்மா போயிருந்தீங்க? இம்புட்டு நாளும் வீடு பூட்டியே கெடந்துச்சே."

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஊருக்குப் போயிருந்தேண்ணே" என்று சொல்லி, அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.