டிஸ்பென்சர் நல்லரத்தினமும் அன்னப்பூரணியின் இரண்டு குளிசைகளும்

ஒரே மருந்துக்கு எதற்கு இரண்டு பெயர்? தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில் யாராவது இதைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. டிஸ்பென்சர் நல்லரத்தினத்துக்குத் தெரிந்திருந்தது.

யுத்த காலம். பெரியகல்லாற்று மருந்துச்சாலைக்கு டாக்டர் வருவது இராணுவம் பாதையைத் திறந்துவிடும் நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் யன்னலுக்கு அந்தப் பக்கம் நல்லரத்தினம்தான். குளிசைகளை, அதாவது மாத்திரைகளை, தட்டில் கொட்டி, மழுங்கிய கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். வீண்பேச்சுக் கிடையாது.

அன்னப்பூரணிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மருந்துச்சாலையில் கொடுத்த குளிசையைத் தினமும் போட்டு வந்தார். குவைத்திலிருந்து மகன் வேறொரு குளிசை அட்டை அனுப்பினான். அதில் தடித்த எழுத்தில் வேறு பெயர். வேறு மருந்து, சக்தி கூடியது என்று நினைத்து அதையும் சேர்த்துப் போடத் தொடங்கினார்.

கண்ணகி அம்மன் சடங்கின் கடைசி நாள், விரதம். வெறும் வயிற்றில் இரண்டையும் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனார். உடுக்குச் சத்தத்தில் அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஏதேதோ பிதற்றினார். பெண்கள் குரவையிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

கூட்டத்தில் நின்ற நல்லரத்தினத்துக்கு ஏதோ இடித்தது. தெய்வம் ஆடுகிறவர்கள் உடுக்குக்கு ஏற்ப அடி வைப்பார்கள். இவரோ உடுக்கு நின்ற பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தார். நல்லரத்தினம் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்து, வியர்வையில் வழுக்கியது.

"சீனித் தண்ணி கொண்டு வாங்க, கெதியா!"

"தொடாதீங்க அண்ணன், அம்மன் வந்திரிக்கா," என்று அன்னப்பூரணியின் தங்கை புஸ்பம் குறுக்கே வந்தார். "விரதத்த முறிச்சா குத்தம் ஆருக்கு?"

"என்ட தலையில போடு. ரத்தத்தில சீனி இறங்கிட்டுது. இப்ப சீனி குடுக்காட்டி அக்கா தப்பமாட்டா."

"குளிசை எண்ணுறவருக்கு அம்மனப் பத்தி என்ன தெரியும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

புஸ்பம் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பார்வை எதிலும் நிற்கவில்லை. அவரே ஓடிப்போய்ச் சீனியைக் கரைத்து வந்தார். விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து நல்லரத்தினம் பருக்கினார்.

கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. "என்னகா இது, ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறீங்க?" என்றார் அன்னப்பூரணி.

என்ன மருந்து போட்டார் என்று கேட்டறிந்து, இரண்டையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் செய்தார் நல்லரத்தினம். குவைத் அட்டையின் தடித்த பெயருக்குக் கீழே சின்ன ஆங்கில எழுத்தில் கிளிபென்கிளமைட் என்றிருந்தது. மருந்துச்சாலைப் பொட்டலத்தில் அவர் தன் கையால் எழுதியிருந்ததும் அதே.

"பெரிய எழுத்து கம்பனி வெச்ச பேர் புஸ்பம். சின்ன எழுத்துத்தான் மருந்தின்ட பேர். ரெண்டும் ஒண்டு. அக்கா இரட்டை அளவு போட்டிரிக்கா."

"இப்பதான் சுகமாயிற்றே. வீட்ட போவமே?"

"சீனித் தண்ணி கொஞ்ச நேரத்துக்குத்தான். குளிசை நாளைக்கு வரைக்கும் உடம்பில நிண்டு வேலை செய்யும். மறுகா விழுந்தா, இருட்டினாப் பிறகு ஆமிக்காரன் சென்றியில விடமாட்டான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

சென்றியில் சோதனைக்கு முக்கால் மணி நேரம் வரிசை. அதற்குள் அன்னப்பூரணிக்கு மறுபடியும் வியர்த்தது. யாரும் சொல்லாமலே புஸ்பம் சீனித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, அன்னப்பூரணியை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெளிநாட்டிலிருந்து மருந்து வரும் வீடு உங்கள் ஊரிலும் இருக்கும். அங்கே போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் என்றால், கதையோடு அவர்களுடைய மருந்து அட்டையையும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.